அண்டத்தை அளந்த முக்கோணங்கள்



'ஒரு முக்கோணத்தின் உட்கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை.' தமிழ்ப்பள்ளியில் படித்த எவரும் இவ்வரியை மறந்திருக்க முடியாது. இடைநிலைப்பள்ளிக்குச் சென்றால் படிவம் ஒன்றில் மீண்டும் இதே வரி வந்து நிற்கும். இதன் மேல் எவரும் ஐயம் கொள்வதில்லை. ஆயினும் ஒரு கேள்வி கேட்கலாம். தாளில் வரைந்த முக்கோணத்திற்குப் பொருந்தும் இவ்விதி, மூன்று மலைச் சிகரங்களை இணைக்கும் முக்கோணத்திற்கும் பொருந்துமா? மூன்று விண்மீன்களை இணைத்தால் பொருந்துமா? அண்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நீளும் முக்கோணத்திற்குப் பொருந்துமா? அளந்து பார்த்தவர் யார்?

அளந்து பார்த்தார்கள். அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன. பெரிய முக்கோணங்கள் வானத்தில் ஏராளமாக உள்ளன. அவற்றுள் ஒன்றின் அடிப்பக்கத்தின் நீளத்தை ஐயமின்றி அறிவதுதான் அத்தனை தலைமுறை அறிஞர்களுக்கும் எட்டாக்கனியாக இருந்தது. அந்த வரலாற்றை இக்கட்டுரையில் எழுத விழைகிறேன். கணிதம் கற்பிப்போர்க்கு மட்டுமன்றி, 'ஏன் அப்படி?' என்று ஓயாமல் கேட்கும் பிள்ளையை வீட்டில் வளர்க்கும் பெற்றோர்க்கும் இது பயன்படும் என எண்ணுகிறேன்.

முதலில் ஒரு சிறு செயல்பாடு. வகுப்பறையில் இருக்கும் உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கோடு, போர்னியோத் தீவில் பொந்தியானாக் நகரின் வழியே செல்கிறது. நூலின் ஒரு முனையை அங்கே ஒட்டி, நேர் வடக்காக வடதுருவம்வரை இழுத்துச் செல்லுங்கள். துருவத்தில் செங்கோணமாகத் திரும்பி, ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டில் நிலநடுக்கோட்டைத் தொடும்வரை இறங்குங்கள். பின்னர் நிலநடுக்கோட்டின் மேலேயே கிழக்கு நோக்கி வந்து பொந்தியானாக்கை அடையுங்கள். இழுத்துக் கட்டிய மூன்று நூல்கள். உருண்டையின் மேல் அவற்றைவிடக் குறுகிய வழி இல்லை. ஆனால் மூன்று மூலைகளிலும் 90 பாகை. கூட்டினால் 270!

இதே உருண்டையில் கோலாலம்பூர், ஈப்போ, குவாந்தான் ஆகிய மூன்று நகரங்களை இணைத்துப் பாருங்கள். 180க்கு மேல் வரும் மிகை ஒரு பாகையில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான். எந்தக் கோணமானியும் அதைக் காட்டாது. ஆக, ஒரு பரப்பின் மேல் ஊர்ந்து செல்லும் எறும்பு, அப்பரப்பை விட்டு வெளியே வராமலேயே அது வளைந்ததா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்கலாம். முக்கோணம் மட்டும் போதிய அளவு பெரிதாக இருக்க வேண்டும். அண்டத்தைப் பொறுத்தவரை நாம் அந்த எறும்பு. வெளியே நின்று பார்க்க நமக்கு இடமில்லை.

யூக்ளிட் தம் வடிவியலை ஐந்து அடிப்படைக் கோட்பாடுகளின் மேல் கட்டினார். ஐந்தாவது இணைகோடுகளைப் பற்றியது. 180 பாகை என்னும் முடிவு அதிலிருந்தே பிறக்கிறது. அந்த ஐந்தாவதை மற்ற நான்கிலிருந்து நிறுவிவிட முடியுமா என்று ஈராயிரம் ஆண்டுகள் முயன்று பலரும் தோற்றனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூவர் வேறு முடிவுக்கு வந்தனர். செருமனியில் கார்ல் பிரீடரிக் காஸ், அங்கேரியில் யானோஸ் போயாயி, ரஷ்யாவின் கசான் நகரில் நிக்கொலாய் லொபாச்செவ்ஸ்கி. ஐந்தாவதை மறுத்தாலும் முரண்பாடற்ற ஒரு வடிவியல் கிடைக்கிறது. அதில் முக்கோணத்தின் கோணங்கள் 180க்குக் குறைவாகவே வரும். இதுவே அவர்கள் கண்டது. 1854இல் காஸின் மாணவர் பெர்னார்ட் ரீமான் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை, உருண்டையைப் போல 180க்கு மிகையாக வரும் வெளியையும் உள்ளடக்கியது. எல்லையற்றது என்பதும் முடிவிலி என்பதும் ஒன்றல்ல என்று அவர் அங்கே விளக்கினார். உலக உருண்டையின் மேல் எவ்வளவு நடந்தாலும் ஒரு விளிம்பும் வராது. ஆனாலும் அதன் பரப்பளவுக்கு ஓர் அளவு உண்டு.

ஆக வடிவியல் மூன்று. நாம் வாழும் வெளி இவற்றுள் எது? ஏரணம் இதற்கு விடை தராது. அளக்கத்தான் வேண்டும்.

காஸ் அளந்தார் என்று ஒரு கதை உண்டு. 1820களில் ஹனோவர் அரசின் நில அளவைப் பணி அவர் பொறுப்பில் இருந்தது. தொலைவிலுள்ள சிகரத்திலிருந்து கதிரவன் ஒளியைக் கண்ணாடியால் திருப்பி அனுப்பும் ஹீலியோட்ரோப் என்னும் கருவியை அதற்காகவே உருவாக்கினார். ஹோஹன்ஹாகன், புரோக்கன், இன்செல்ஸ்பெர்க் என்னும் மூன்று மலைகளை இணைத்தது அவருடைய மிகப் பெரிய முக்கோணம். பக்கங்கள் ஏறத்தாழ 69, 85, 107 கிலோமீட்டர். யூரோ வருவதற்கு முன் புழங்கிய செருமானிய பத்து மார்க் தாளில் காஸின் உருவமும், பின்புறத்தில் அவருடைய முக்கோண அளவை வலையின் ஒரு பகுதியும் அச்சாகியிருந்தன. வெளி வளைந்ததா என்று சோதிக்கவே காஸ் அம்மூன்று மலைகளையும் அளந்தார் என்பது பல நூல்களில் வரும் செய்தி. வரலாற்றறிஞர்கள் இதை ஏற்பதில் தயங்குகின்றனர். அளந்தது நில வரைபடத்திற்காக. பூமியின் உருண்டை வடிவால் வரும் ஏறத்தாழ 15 விகலை மிகையைக் கழித்தபின் மிஞ்சியது அளவைப் பிழைக்குள் அடங்கிவிட்டது என்பதை அவர் பின்னர்க் கவனித்திருக்கலாம் என்பதே அவர்கள் கருத்து. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை என்பதை நினைவில் கொள்க. ஒரு விகலை என்பது இரண்டு சென்டிமீட்டர் அகல நாணயத்தை நான்கு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காண்பது போன்றது.

கதை சுவையானதுதான். வகுப்பில் சொல்வதானால், 'என்று சொல்வர்' என்று சேர்த்துச் சொல்வது நலம். புதிய வடிவியலைப் பற்றித் தாம் அறிந்ததை வெளியிட்டால் கூச்சல் எழும் என்று அஞ்சி, காஸ் அதைத் தம் வாழ்நாளில் அச்சேற்றவே இல்லை. அந்தத் துணிவு கசான் நகரத்துப் பேராசிரியருக்கு இருந்தது.

லொபாச்செவ்ஸ்கி 1829இல் தம் வடிவியலை வெளியிடத் தொடங்கியபோதே, வானத்தை நோக்கிப் போனார். பூமி கதிரவனைச் சுற்றும் பாதையின் விட்டத்தை அடிப்பக்கமாகவும் ஒரு விண்மீனை உச்சியாகவும் கொண்டால், மலைகளை மறக்கச் செய்யும் முக்கோணம் கிடைக்கிறது. ஆறு மாத இடைவெளியில் பார்க்கும்போது அருகிலுள்ள விண்மீன் சற்றே இடம் மாறியதுபோல் தோன்றும். இதை இடமாறு தோற்றம் என்பர். சீரியசு விண்மீனுக்கு அந்நாளில் ஒருவர் வெளியிட்டிருந்த அளவைக் கொண்டு லொபாச்செவ்ஸ்கி கணக்கிட்டார். 180 பாகையிலிருந்து விலகல் இருந்தாலும் அது எந்தக் கருவிக்கும் புலப்படாத அளவு சிறியது என்று கண்டார். யூக்ளிட் வென்றுவிட்டார் என்று அவர் எழுதவில்லை. இந்த அளவுள்ள முக்கோணத்தில் வேறுபாடு தெரியவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அவர் நம்பிய இடமாறு அளவே தவறானது என்பது பிற்காலத்தில் தெரிந்தது. அது 1 விகலைக்கு மேல்; உண்மை அளவோ ஏறத்தாழ 0.38 விகலை. ஒரு விண்மீனின் இடமாறு தோற்றம் நம்பத்தக்க முறையில் முதன்முதலாக அளக்கப்பட்டது 1838இல்தான். அளந்தவர் பிரீடரிக் பெசல்.

இனி நான் பெரிதும் மதிக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்ல் ஷ்வார்ட்ஸ்ஷில்ட். கருந்துளைகளைப் பற்றிப் படித்தவர்கள் இப்பெயரை அறிவர். 1915ஆம் ஆண்டின் இறுதியில், முதல் உலகப் போரின் களத்தில் இருந்துகொண்டே ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு முதல் துல்லியத் தீர்வைக் கண்டவர். 1916 மே மாதத்தில் நோயுற்று இறந்தார். ஆனால் அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1900ஆம் ஆண்டில், ஐன்ஸ்டைன் என்ற பெயரை உலகம் அறியாத காலத்தில், 26 வயது இளைஞராக ஹைடல்பெர்க் நகரில் வானியலாளர் கூட்டத்தில் அவர் ஓர் உரை ஆற்றினார். வெளிக்கு எவ்வளவு வளைவை நாம் அனுமதிக்கலாம் என்பதே உரையின் பொருள்.

தலைப்பிலேயே அவர் மனப்பாங்கு தெரிகிறது. வெளி வளைந்துள்ளது என்றோ இல்லை என்றோ அவர் வாதாடவில்லை. வளைந்திருந்தால் அதிகபட்சம் எவ்வளவு என்று கேட்டார். 180க்குக் குறைவாக வரும் வெளியில் ஒரு விந்தை உண்டு. விண்மீன் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் அதன் இடமாறு தோற்றம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்காது. ஆனால் வானத்தில் 0.05 விகலைக்கும் குறைவாக இடம் மாறும் விண்மீன்கள் இருக்கின்றன. எனவே வளைவின் ஆரம், பூமிக்கும் கதிரவனுக்கும் இடையிலுள்ள தொலைவைப்போல் குறைந்தது 4 மில்லியன் மடங்கு இருக்க வேண்டும். ஒளியாண்டில் சொன்னால் ஏறத்தாழ 64. இனி வெளி உருண்டையைப்போல் மூடியது என்றால்? எண்ணித் தெரிந்த விண்மீன்கள் அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். அவ்வாறு கணக்கிட்டு, ஆரம் குறைந்தது 100 மில்லியன் மடங்கு, அதாவது ஏறத்தாழ 1,600 ஒளியாண்டு என்றார். மூடிய வெளியில் கதிரவனின் ஒளி முழுச்சுற்றுச் சுற்றி வந்து, எதிர்த்திசை வானத்தில் கதிரவனின் பின்புறம் தெரிய வேண்டுமே என்ற கேள்வியையும் அவர் விட்டுவைக்கவில்லை. வழியில் ஒளி உறிஞ்சப்பட்டிருந்தால் தெரியாது என்றார்.

ஆசிரியர்களிடம் இங்கு ஒன்று பேச வேண்டும். முக்கோணத்தின் கோணங்களை அளந்து கூட்டச் சொன்னால், ஒரு பிள்ளைக்கு 179 வரும், இன்னொன்றுக்கு 182 வரும். அடுத்த நொடியே அழிப்பான் வெளியே வரும். 180 என்று எழுதி, பெரிய சரி அடையாளம் வாங்கிக்கொள்ளும். அந்த 182தான் பிள்ளையின் சொந்த அளவை. 180 நூலில் இருந்து வந்தது. 182ஐ அப்படியே வைத்து, அதன் கீழே 'என் கோணமானியில் மிகச் சிறிய பிரிவு 1 பாகை. மூன்று முறை அளந்தேன்' என்று எழுதச் சொன்னால், அப்பிள்ளை செய்வது ஷ்வார்ட்ஸ்ஷில்ட் 1900இல் செய்ததே. தேர்வுத்தாளில் 180 எழுதட்டும், அதில் தவறில்லை. பயிற்சி ஏட்டிலாவது 182 உயிரோடு இருக்கட்டுமே!

1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கை வந்ததும் கேள்வியே உருமாறியது. பொருளும் ஆற்றலும் வெளியை வளைக்கின்றன என்றது அக்கொள்கை. அதற்குப்பின் அண்டத்தின் வடிவம், அதனுள் என்ன இருக்கிறது என்பதோடு பிணைந்துவிட்டது. 1917இல் ஐன்ஸ்டைன் மூடிய, அசையாத ஓர் அண்டத்தை முன்வைத்தார். ரஷ்யாவின் அலெக்சாண்டர் பிரீட்மன் 1922இலும் 1924இலும் எழுதிய கட்டுரைகளில் விரியும் அண்டங்களைக் காட்டினார். பெல்ஜியப் பாதிரியார் ஜார்ஜ் லெமேத்தர் 1927இல் தனியே அம்முடிவுக்கு வந்தார். 1929இல் எட்வின் ஹபிள், தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் தொலைவுக்கேற்ற வேகத்தில் விலகிச் செல்வதை அளந்து காட்டினார். இக்கணக்கின் சாரம் எளிது. அண்டத்தின் சராசரி அடர்த்தி ஒரு குறிப்பிட்ட மாறுநிலை அளவுக்கு மேல் இருந்தால் வெளி உருண்டையைப்போல் மூடியது. குறைந்தால் குதிரைச் சேணம்போல் திறந்தது. சரியாக அந்த அளவே இருந்தால் யூக்ளிடின் வெளி. அந்த மாறுநிலை அளவு ஒரு கன மீட்டருக்கு ஐந்தாறு நீரகஅணுக்களின் எடைக்குச் சமம். நாம் 'வெற்றிடம்' என்று சொல்வதைவிட எத்தனையோ மடங்கு வெறுமையானது அது!

அடுத்த அரை நூற்றாண்டு பெரும் உழைப்பும் பெரும் ஏமாற்றமும் கலந்தது. மூடிய வெளியில், குறிப்பிட்ட தொலைவுக்குள் அடங்கும் விண்மீன் மண்டலங்களின் எண்ணிக்கை யூக்ளிட் கணக்கைவிடக் குறையும். ஹபிள் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியால் அவற்றை எண்ணினார். 1936இல் கிடைத்த விடை, நம்ப முடியாத அளவு சிறிய, நெருக்கமான ஓர் அண்டத்தைக் காட்டியது. அதனால் அவர் அண்டம் விரிகிறது என்பதையே ஐயுறத் தொடங்கினார். 1953இல் அவர் மறைந்தபின் அப்பணி ஆலன் சாண்டேஜ் என்பவரின் தோளில் விழுந்தது. பலோமார் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு, மிகத் தொலைவிலுள்ள ஒளிமிக்க விண்மீன் மண்டலங்களின் பொலிவை அளந்து வடிவத்தைக் கண்டுவிடலாம் என்று அவர் பல்லாண்டு உழைத்தார். எல்லாவற்றிற்கும் அடியில் ஓர் எடுகோள் இருந்தது: அம்மண்டலங்கள் அனைத்தும் ஒரே அளவு ஒளி வீசும் விளக்குகள்.

அதை உடைத்தவர் பியட்ரிஸ் டின்ஸ்லி. இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். 1960களில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்காக எழுதிய ஆய்வில், விண்மீன் மண்டலம் மூப்படையும்போது அதன் பொலிவும் நிறமும் எவ்வாறு மாறும் என்று கணக்கிட்டார். தொலைவில் பார்ப்பது பழைய காலத்தைப் பார்ப்பது. ஆகவே நாம் காணும் தொலைதூர மண்டலங்கள் இளமையானவை, பொலிவில் வேறுபட்டவை. அந்த வேறுபாடு, வடிவியலால் வரும் வேறுபாட்டை விழுங்கிவிடும் அளவு பெரியது. அடிக்கோல் என்று நினைத்துக் கையில் பிடித்திருந்தது இழுத்தால் நீளும் இரப்பர்! சாண்டேஜுக்கு இது உவப்பாக இருக்கவில்லை. எனினும் காலப்போக்கில் துறை முழுவதும் டின்ஸ்லியின் பக்கம் வந்தது. 1981இல் புற்றுநோயால் அவர் இறந்தபோது வயது 40தான்.

மாறாத அடிக்கோல் ஒன்று வேண்டும். அது எங்கே கிடைக்கும்?

அண்டத்தின் குழந்தைப்பருவத்தில் கிடைத்தது. பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 380,000 ஆண்டுகள் அண்டம் ஒளி ஊடுருவ முடியாத வெப்பக் குழம்பாக இருந்தது. மூடுபனிக்குள் விளக்கொளி சிதறுவதுபோல், ஒளி எலெக்ட்ரான்களில் மோதிச் சிதறிக்கொண்டே இருந்தது. வெப்பநிலை ஏறத்தாழ 3,000 கெல்வினுக்குத் தணிந்தபோது அணுக்கள் உருவாயின, பனி விலகியது, ஒளி விடுதலை பெற்றது. அந்த ஒளியே இன்று நுண்ணலையாக எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. அமெரிக்காவில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் இருவரும் அதைக் கண்டறிந்த செய்தி 1965இல் வெளியாயிற்று.

அந்தக் குழம்பில் ஒலியலைகள் ஓடின. சற்றே அடர்ந்த இடங்களை ஈர்ப்பு அமுக்க, ஒளியின் அழுத்தம் எதிர்த்துத் தள்ள, காற்றில் ஒலி பரவுவதுபோல் அதிர்வு பரவியது. அதன் வேகம் ஒளியின் வேகத்தில் பாதிக்குச் சற்று மேல் என்பதை அடிப்படை இயற்பியலே சொல்கிறது. ஓடக் கிடைத்த காலம் 380,000 ஆண்டு. தொலைவு என்பது வேகத்தை நேரத்தால் பெருக்கினால் வருவது. நம் பிள்ளைகள் போடும் கணக்குதான். அண்டம் அதற்கிடையே விரிந்துகொண்டே இருந்ததையும் சேர்த்துக் கணக்கிட்டால், பனி விலகிய நேரத்தில் அலை கடந்திருந்த தொலைவு 400,000 ஒளியாண்டுக்குச் சற்று மேல். 1970இல் அமெரிக்காவில் பீபிள்ஸ், யூ இருவரும், சோவியத் நாட்டில் சுன்யாயெவ், செல்டோவிச் இருவரும் இவ்வலைகளின் தடம் நுண்ணலை வானில் இன்றும் இருக்க வேண்டும் என்று தனித்தனியே எழுதினர்.

இதோ அடிப்பக்கம்! இந்நீளம் மூப்படைவதில்லை, ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. இதை அடிப்பக்கமாகவும் நம் கண்ணை உச்சியாகவும் கொண்ட இருசமபக்க முக்கோணத்தின் நெடும்பக்கங்கள், 13.8 பில்லியன் ஆண்டு பயணம் செய்த ஒளிக்கதிர்கள். உச்சிக்கோணத்தை அளந்தால் போதும். வெளி யூக்ளிடுடையது என்றால், நுண்ணலை வானின் சூடான, குளிர்ந்த புள்ளிகள் ஏறத்தாழ 1 பாகை அகலமாகத் தெரிய வேண்டும். அது முழுநிலவின் அகலத்தைப்போல் இரு மடங்கு. வெளி மூடியதென்றால் கதிர்கள் வழியில் வளைந்து, உருப்பெருக்கி வழியே பார்ப்பதுபோல் புள்ளிகள் பெரிதாகத் தெரியும். திறந்ததென்றால் சிறுத்துத் தெரியும்.

அறிவது எளிது, அளப்பது கடினம். வெப்பநிலை வேறுபாடு 100,000இல் ஒரு பங்கு. 1989இல் ஏவப்பட்ட கோபி செயற்கைக்கோள் 1992இல் அந்த வேறுபாடு இருப்பதைக் காட்டியது. ஆனால் ஏறத்தாழ 7 பாகைக்குக் குறைந்த எதையும் அதனால் பிரித்தறிய முடியவில்லை. மங்கிய கண்ணாடி அணிந்து கோலத்தின் புள்ளிகளை எண்ணுவதுபோல.

1998ஆம் ஆண்டு டிசம்பர் 29. அந்தார்க்டிக்காவின் மெக்மர்டோ ஆய்வு நிலையத்தின் அருகே பனித்தளத்திலிருந்து மாபெரும் ஹீலியம் பலூன் ஒன்று மேலெழுந்தது. அதன் கீழே தொங்கிய தொலைநோக்கியின் பெயர் பூமராங். உணரிகள் தனிச்சுழி வெப்பநிலைக்கு 0.3 பாகை மேலே குளிர்விக்கப்பட்டிருந்தன. 35 கிலோமீட்டருக்கு மேலான உயரத்தில், நுண்ணலைகளை விழுங்கும் நீராவி ஏறக்குறைய முழுதும் கீழே தங்கிவிடுகிறது. தென் துருவக் கோடையில் அவ்வுயரத்துக் காற்று துருவத்தை வட்டமிட்டு வீசும். ஆகவே ஏவிய இடத்திற்கே பலூன் திரும்ப வேண்டும். பெயர்க் காரணமும் அதுவே. பத்தரை நாள் வானத்தின் ஒரு பகுதியை வருடியபடி துருவத்தைச் சுற்றி வந்த பலூன், புறப்பட்ட இடத்திற்கு அருகிலேயே இறங்கியது. உரோமைச் சேர்ந்த பாவ்லோ தெ பெர்னார்திஸ், கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ லாங் இருவரும் அக்குழுவை வழிநடத்தினர்.

2000ஆம் ஆண்டு ஏப்ரல் 27இல் நேச்சர் இதழில் முடிவு வெளிவந்தது. புள்ளிகளின் அகலம் ஏறத்தாழ 1 பாகை! டெக்சசிலிருந்து பறந்த மாக்சிமா என்னும் பலூன் குழுவினரும் அடுத்த சில நாள்களில் அதையே கூறினர். சிலி நாட்டின் உயர்மலையில் தரையிலிருந்தே அளந்த ஒரு குழு 1999இலேயே அதே இடத்தைச் சுட்டியிருந்தது. பூமராங் குழு தந்த எண், மாறுநிலை அடர்த்தியில் 0.88 மடங்கிலிருந்து 1.12 மடங்குக்குள். சரியாக 1 என்று அவர்கள் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இம்முடிவு மற்றொரு புதிரோடு பொருந்தியது. விண்மீன் மண்டலங்களை எடைபோட்டவர்கள், கரும்பொருளையும் சேர்த்தே, மாறுநிலை அடர்த்தியில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு மேல் காணவில்லை. 1998இல் சூப்பர்நோவா எனப்படும் விண்மீன் வெடிப்புகளை ஆராய்ந்த இரு குழுக்கள், அண்டத்தின் விரிவு முடுக்கம் பெற்று வருவதாக அறிவித்தன. அதற்குக் கரும் ஆற்றல் என்று பெயரிட்டனர். அதன் பங்கு ஏறத்தாழ 70 விழுக்காடு. முப்பதும் எழுபதும் நூறு. மூன்று வெவ்வேறு வழிகளில் வந்தவர்கள் ஒரே கூட்டுத்தொகையில் சந்தித்தனர். கரும் ஆற்றல் உண்மையில் என்ன என்பது மட்டும் இன்றளவும் விளங்கவில்லை.

2001இல் ஏவப்பட்ட டபிள்யூமேப், 2009இல் ஏவப்பட்ட பிளாங்க் ஆகிய விண்கலங்கள் அளவையைக் கூர்மையாக்கின. பிளாங்க் குழுவின் 2018ஆம் ஆண்டு முடிவு, விண்மீன் மண்டலங்களின் பரவல் பற்றிய தரவையும் சேர்த்தபோது, வளைவின் பங்கு 0.0007, பிழை எல்லை 0.0019 என்றது. அதாவது சுழியம் அதற்குள் அடங்கிவிட்டது. வளைவு இருந்தால் அதன் ஆரம் 200 பில்லியன் ஒளியாண்டுக்கு மேல் இருக்க வேண்டும். ஷ்வார்ட்ஸ்ஷில்டின் 64 ஒளியாண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! அதே வகைக் கூற்று, அதே அடக்கம், எண் மட்டும் பல பில்லியன் மடங்கு பெரிது.

வழக்கு முடிந்துவிடவில்லை. பிளாங்கின் நுண்ணலைத் தரவை மட்டும் தனியே எடுத்தால், அது சற்றே மூடிய அண்டத்தின் பக்கம் சாய்கிறது. 2019இல் டி வாலென்டினோ, மெல்கியோரி, சில்க் ஆகிய மூவரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாதிட்டனர். வேறு பகுப்பாய்வு முறையில் அச்சாய்வு குறைகிறது என்று மற்றவர்கள் மறுத்தனர். பெரும்பாலோர் தட்டை அண்டத்தையே ஏற்கின்றனர்.

'தட்டை' என்ற சொல்லைப் பிள்ளைகளிடம் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். அண்டம் தோசை போன்றது என்று நினைத்துக்கொள்வார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் உடைய வெளியில், முக்கோணத்தின் கோணங்கள் 180 ஆகவே வருகின்றன என்பது மட்டுமே அதன் பொருள். தட்டை என்றால் முடிவிலி என்பதும் இல்லை. ஒரு தாளில் முக்கோணம் வரைந்து, தாளைக் குழாயாகச் சுருட்டுங்கள். கோணங்கள் மாறவில்லை, ஆனால் ஒரு திசையில் நடந்தால் புறப்பட்ட இடத்திற்கே வந்துவிடலாம். அண்டமும் அவ்வாறு தன்னோடு தான் இணைந்திருந்தால், நுண்ணலை வானில் இரு வேறு திசைகளில் ஒரே புள்ளி வரிசையுடைய இரட்டை வட்டங்கள் தெரிய வேண்டும். டபிள்யூமேப் தரவில் அவற்றைத் தேடிய ஆய்வொன்று 2004இல் வெளிவந்தது. பின்னர் பிளாங்க் தரவிலும் தேடினர். இதுவரை ஓர் இணை வட்டமும் கிடைக்கவில்லை. சுற்றி வரும் வழி நம் பார்வைக்கு எட்டும் வானத்தைவிடப் பெரிதாக இருந்தால், அந்த வட்டங்கள் நம் கண்ணில் படவே படா.